பெயரை மறைத்தேன், வாசலை மறைக்கவில்லை

அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மலேசியாவின் செபெராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின், முன்வாசல். சம்பளச் சீட்டுகளை விரித்துப் பிடித்த இரண்டு கைகள். கைகளுக்குப் பின்னால் நீலச் சாயம் பூசிய மரத்தூண், சிமெண்டுத் தரையில் வெள்ளைச் சாயத்தால் வரைந்த தாமரைக் கோலம், பிஸ்கட் டின்களில் வளர்த்த துளசியும் கற்றாழையும். முகம் இல்லை. செய்தியில் பெயரும் இல்லை. 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஒரு தமிழ் நாளிதழின் பினாங்கு நிருபராக இருந்தபோது நான் எடுத்த படம் அது. அப்போது எனக்கு 26 வயது.

செய்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தோட்டத்தில் மாதச் சம்பளத்திலிருந்து ஊழியர் சேமநிதிக்கென்று பணம் பிடித்துவந்தார்கள். பிடித்த பணம் சேமநிதிக் கணக்கில் ஏறவேயில்லை. நிலம் கைமாறி, லயத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த பிறகுதான் ஆட்கள் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். பெரும்பாலானவர்கள் பழைய சீட்டுகளை எப்போதோ எறிந்துவிட்டார்கள். ஒரு பெரியம்மா மட்டும் எறியவில்லை. 31 ஆண்டுகள் பால் வெட்டியவர், கணவரை இழந்தவர். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவர்தான். ஆனால் யாராவது தாளில் எழுதிக் கொடுத்ததைத் தொலைக்கக் கூடாது என்ற பிடிவாதம் அவருக்கு இருந்தது. அத்தனை சீட்டுகளையும் ஒரு ரொட்டி டின்னில் ஆண்டுவாரியாக அடுக்கி வைத்திருந்தார்.

"பெயர் மட்டும் வேண்டாம் கண்ணு. பையன் இன்னும் இவர்களிடம்தான் லோரி ஓட்டுகிறான்" என்றார். வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை செய்தி வந்தது. புதன்கிழமை காலையில் அவருடைய மகனை இனி லோரி எடுக்க வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் ஓடினேன். பெயரை எங்கேயும் போடவில்லையே, எப்படித் தெரிந்தது என்று அதே வாசலில் நின்றுகொண்டு கேட்டேன். பெரியம்மா என்னைத் திட்டவில்லை. கோலத்தைக் காட்டினார்.

"நீ பெயரைப் போடவில்லை, சரிதான். இந்தத் தோட்டத்தில் சாயத்தில் கோலம் போட்டு வைத்திருப்பவள் நான் ஒருத்திதானே கண்ணு."

மகனுக்கு நான்கு மாதம் வேலை இல்லை. பிறகு ஜொகூருக்குப் போனார். அந்த நான்கு மாதமும் பெரியம்மா அக்கம்பக்கத்துக் கடையில் கடன் சொல்லித்தான் அரிசி வாங்கினார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.

பத்திரிகைச் சுதந்திரம் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது கைதாகும் ஆசிரியர், தடை செய்யப்படும் நாளிதழ், சுட்டுக் கொல்லப்படும் நிருபர். எல்லாமே உண்மை. இருபது ஆண்டு இந்தத் தொழிலில் இருந்தபின் நான் கண்டது இன்னொன்று: முதலில் அடி வாங்குவது நம்மிடம் பேசியவர். அவரைக் காக்கத் தெரியாத நிருபர் தன்னையும் காத்துக்கொள்ள மாட்டார். நாளைக்கு அவரிடம் யாரும் பேச மாட்டார்கள். அதன் பிறகு அவரிடம் இருக்கும் சுதந்திரத்தால் யாருக்கு என்ன பயன்?

இதில் என்னை இன்றுவரை உறுத்துவது ஒன்று உண்டு. அதே 2006-இன் முதல் பாதியில் கோலாலம்பூர்த் தலைமையகத்தில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் பயிற்சிக்காக உட்கார வைத்திருந்தார்கள். ஜனவரியில் திருகோணமலையிலிருந்து ஒரு செய்தி வந்தது. சுடர் ஒளி நாளிதழின் நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன், 24-ஆம் தேதி காலையில் வேலைக்குப் புறப்பட்ட வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதம் 2-ஆம் தேதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். கையெறிகுண்டு வெடித்து இறந்தார்கள் என்று சொல்லப்பட்டபோது, சவக்கிடங்கில் அவர் எடுத்த படங்கள் அவர்கள் துப்பாக்கியால் சுடப்பட்டவர்கள் என்பதைக் காட்டின. ஒரு படம் எவ்வளவு பேசும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? மே 2-ஆம் தேதி மாலை யாழ்ப்பாணத்தில் உதயன் நாளிதழ் அலுவலகத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து ஊழியர் இருவரைக் கொன்றார்கள். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர தினம். அந்த ஆண்டு அந்த நாளுக்கான மாநாட்டை யுனெஸ்கோ நடத்திக்கொண்டிருந்ததே கொழும்பில்தான்.

இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் ஏற்றியவள் நான். தலைப்பு வைத்தவள் நான். மூன்று மாதம் கழித்து ஒரு தோட்டத்து வாசலில் கேமராவைத் தூக்கியபோது, படம் உண்மையைச் சொல்வதுபோலவே ஆளையும் காட்டிக்கொடுக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆபத்து என்றால் அது யாழ்ப்பாணத்தில் இருப்பது, பினாங்கில் நமக்கென்ன என்ற நினைப்பு. அந்த நினைப்புக்கான விலையை நான் கொடுக்கவில்லை, பெரியம்மாவின் மகன் கொடுத்தார்.

அன்றிலிருந்து எதை எழுதினாலும், எதைப் படமெடுத்தாலும், வெளியிடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி இதைப் படித்தால் யார் என்று கண்டுபிடிப்பாரா? கோலாலம்பூரில் இருக்கும் வாசகருக்குத் தெரியாமல் மறைப்பது சுலபம். மறைக்க வேண்டியது பக்கத்து மேசைக்காரரிடமிருந்து. 'கணவரை இழந்த, 31 ஆண்டு பால் வெட்டிய, ஒரே மகனுள்ள பெண்' என்று எழுதினால் பெயரை எழுதியது போலத்தான். அந்தத் தோட்டத்தில் அப்படி ஒருவர்தான் இருப்பார். கையெழுத்து காட்டிக்கொடுக்கும். பேச்சில் அடிக்கடி வரும் ஒரு சொல் காட்டிக்கொடுக்கும். ஒலிப்பதிவில் பின்னணியில் கேட்கும் கோயில் மணி காட்டிக்கொடுக்கும். இப்போது கைத்தொலைபேசியில் எடுக்கும் படத்தோடு எடுத்த இடமும் நேரமும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அவற்றை நீக்காமல் அனுப்புவது வீட்டு முகவரியை எழுதி அனுப்புவதற்குச் சமம்.

ஆவணமும் அப்படித்தான். அமெரிக்காவில் 2017-இல் ரியாலிட்டி வின்னர் என்ற பெண் ஓர் உளவுத் துறை ஆவணத்தை அச்செடுத்து ஒரு செய்தித் தளத்துக்கு அஞ்சலில் அனுப்பினார். அது உண்மையா என்று சரிபார்க்க, அந்தத் தளம் ஆவணத்தின் நகலை அரசிடமே காட்டியது. நகலில் மடிப்புத் தடம் இருந்தது. அப்படியென்றால் இது அச்செடுக்கப்பட்ட தாள். அச்செடுத்தவர்கள் ஆறு பேர். அவர்களில் ஒருவர்தான் அந்தத் தளத்தோடு மின்னஞ்சல் தொடர்பு வைத்திருந்தார். அவ்வளவுதான் தேவைப்பட்டது; ஐந்து ஆண்டு மூன்று மாதச் சிறைத் தண்டனை. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உலகத்தின் மறுகோடியில், என்னைவிடப் பத்து மடங்கு வசதியுள்ள அலுவலகத்தில், தாளின் மடிப்பை யாரும் கவனிக்கவில்லை. நான் கோலத்தைக் கவனிக்கவில்லை. ஆகவே ஆவணத்தை அப்படியே வெளியிடுவதை நான் நிறுத்திவிட்டேன். உள்ளடக்கத்தை மறுபடி தட்டச்சு செய்து, இன்னொரு வழியில் உறுதிப்படுத்திக்கொண்டு எழுதுகிறேன்.

தோட்டத்துச் செய்தியைத் தொடர்ந்து எழுதி ஓரளவாவது நியாயம் வாங்கித் தரலாம் என்று முயன்றேன். இரண்டாவது கட்டுரை தயாராகியிருந்தது. நவம்பர் மாதம். செய்தியாசிரியர் அதைப் படித்துவிட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்தார். "ஆண்டு முடியட்டும் அம்மா" என்றார். எனக்கு அப்போது புரியவில்லை. பின்னால்தான் விளங்கியது.

1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி நாளிதழ் நடத்த உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். அப்போதெல்லாம் அந்த உரிமத்தை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் அமைச்சரின் முழு விருப்பம். அந்த முடிவை எதிர்த்து நீதிமன்றம் போகவும் வழியில்லை. 1987 அக்டோபரில் ஓப்பராசி லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தபோது, தி ஸ்டார், சின் சியூ ஜிட் போ, வாத்தான் ஆகிய மூன்று நாளிதழ்களின் உரிமமும் பறிபோனது. அவை மறுபடி வெளிவர 1988 மார்ச் ஆயிற்று. எங்கள் அலுவலகத்தில் அதை நேரில் பார்த்த மூத்தவர்கள் இருந்தார்கள். 2007 ஆகஸ்டில், இயேசுநாதரின் படம் ஒன்றை வெளியிட்டதற்காக மக்கள் ஓசை நாளிதழ் ஒரு மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தப் படம் கிறிஸ்தவர்களின் மனத்தைப் புண்படுத்தியது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆசிரியர் மன்னிப்புக் கேட்டுத் திருத்திக்கொள்ளக்கூடிய ஒரு தவற்றுக்கு, அச்சுக்கூடத் தொழிலாளியிலிருந்து விடியற்காலையில் தாள் போடும் பையன் வரை எல்லோருடைய வயிற்றிலும் ஒரு மாதம் அடிப்பது எந்த நியாயம்? தமிழ் நாளிதழ் நடத்துவது கைக்கும் வாய்க்குமான தொழில். அதைச் சாய்க்க ஒரு மாத நிறுத்தம் போதும். அதனால்தான் செய்தியாசிரியர்கள் நவம்பரிலும் டிசம்பரிலும் குரலைத் தாழ்த்தினார்கள். யாரும் தடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. இழுப்பறையே போதுமானதாக இருந்தது.

2012-இல் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் விதியை நீக்கினார்கள். நீதிமன்றம் போகும் வழியும் திறந்தது. இது உண்மையான முன்னேற்றம், எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் உரிமம் என்பது இன்னும் இருக்கிறது. 2015-இல் 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிதியின் முறைகேடு பற்றி எழுதிய தி எட்ஜ் குழுமத்தின் இரண்டு இதழ்களை மூன்று மாதம் நிறுத்தி வைத்தார்கள். உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை இரண்டு மாதத்துக்குள் ரத்து செய்தது. 2012-க்கு முன்பென்றால் அந்தக் கதவையே தட்ட முடியாது.

பெரியம்மாவுக்கு வருகிறேன். அந்த இரண்டாவது கட்டுரை வெளிவரவில்லை. ரொட்டி டின்னோடு அவரைத் தொழிலாளர் இலாகாவுக்கு அழைத்துப் போனேன். சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதி 2009-இல் வந்து சேர்ந்தது. அது என் எழுத்தால் வந்ததல்ல. அவர் தாளை எறியாமல் வைத்திருந்ததால் வந்தது.

புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் வீடு. 2008 செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை இரவு. அம்மா சமையலறையில் இருந்தார். என் கைத்தொலைபேசிக்குச் செய்தி வந்தது: எங்கள் ஊரிலேயே, சின் சியூ நாளிதழின் நிருபர் டான் ஹூன் செங்கை அவருடைய வீட்டிலிருந்து காவல் துறை அழைத்துப் போயிருக்கிறது, இசா சட்டத்தின்கீழ். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான இசா, விசாரணைக்கென்று மட்டுமே 60 நாள் உள்ளே வைக்கலாம் என்றது. அதற்குப் பிறகும் வழக்கில்லாமல் ஆண்டுக்கணக்கில் வைக்கலாம். அவர் செய்தது என்ன? அதற்கு முந்தைய மாதம் பெர்மாத்தாங் பாவ் இடைத்தேர்தல் பிரசாரத்தில், ஆளுங்கட்சிக் கூட்டணியின் அம்னோ கட்சியுடைய புக்கிட் பெண்டேரா தொகுதித் தலைவர் சீனர்களைக் குடியேறிகள் என்று பேசியதைச் செய்தியாக எழுதினார். பேசியவரைக் கட்சி மூன்று ஆண்டு இடைநீக்கம் செய்தது. எழுதியவரைக் காவலில் வைத்தார்கள்.

சுமார் 18 மணி நேரம் கழித்து அவரை விட்டார்கள். அவருடைய உயிருக்கு மிரட்டல் இருந்தது, அவரைப் பாதுகாக்கவே பிடித்து வைத்தோம் என்று அன்றைய உள்துறை அமைச்சர் விளக்கம் சொன்னார். பத்திரிகையாளரின் பாதுகாப்பு என்ற சொல்லை யாராவது என்னிடம் சொன்னால், எந்தப் பாதுகாப்பு என்று நான் முதலில் கேட்பது அந்த நாளிலிருந்துதான். மிரட்டியவரைத் தேடிப் பிடிப்பது பாதுகாப்பு. மிரட்டப்பட்டவரைப் பூட்டி வைப்பதற்கு வேறு பெயர் உண்டு.

அம்மா அன்றிரவு எதுவும் பேசவில்லை. காலையில் என் அறையில் மேசை காலியாக இருந்தது. குறிப்புப் புத்தகங்கள் அத்தனையையும் எடுத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தார். "அந்தப் பிள்ளையும் இந்த ஊர்தானே" என்று மட்டும் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாதான் எனக்கு முதன்முதலில் ஆவணப் பாதுகாப்புச் சொல்லிக் கொடுத்தவர். அதற்குப் பிறகு நான் இரண்டு புத்தகம் வைத்துக்கொள்ளப் பழகினேன். ஒன்றில் செய்தி: தேதி, இடம், சொன்ன வார்த்தைகள். ஆளுக்கு ஒரு பட்டப்பெயர், பூவின் பெயரோ மரத்தின் பெயரோ. இன்னொன்றில் பட்டப்பெயருக்கு உரியவர் யார் என்பது. இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருக்காது.

அந்தப் பழக்கம் 2016-இல் உதவியது. அப்போது நான் நாளிதழை விட்டு ஓர் இணையச் செய்தித் தளத்துக்கு மாறியிருந்தேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களின் கடப்பிதழ்களை முதலாளி பறித்து வைத்துக்கொண்டது பற்றி எழுதினேன். பொய்ச் செய்தி என்று ஒருவர் புகார் கொடுத்தார். தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவில் விசாரணை. அன்றைய சட்டத்தில் 50,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். காவல் நிலையத்துக்கு வாக்குமூலம் கொடுக்க வரச்சொல்லி அழைப்பு வந்தது.

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இளம் நிருபர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். தொலைபேசியில் அழைத்தால் உடனே கிளம்பிவிடாதீர்கள். எந்தப் புகார், எந்தப் பிரிவு, விசாரணை அதிகாரி யார், சாட்சியாகவா சந்தேக நபராகவா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுத்தில் கேளுங்கள், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 111-ஆவது பிரிவு எழுத்துமூல உத்தரவைத்தான் சொல்கிறது. வழக்கறிஞரை அழைத்துக்கொண்டு போங்கள். கைது என்று சொன்னால், உறவினருக்குத் தகவல் சொல்லவும் விசாரணைக்கு முன் வழக்கறிஞரோடு பேசவும் 28ஏ பிரிவு உரிமை கொடுக்கிறது. 112-ஆவது பிரிவின்கீழ் வாக்குமூலம் கொடுக்கும்போது பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களைக் குற்றச்சாட்டுக்கு ஆளாக்கக்கூடிய கேள்விக்குப் பதில் மறுக்கலாம். "அதை நீதிமன்றத்தில் சொல்கிறேன்" என்பது மரியாதையான, சட்டப்படியான பதில்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கையெழுத்து. நான்கு மணி நேரம் உட்கார்ந்தபின் எப்போது வீட்டுக்குப் போவோம் என்றுதான் இருக்கும். அப்போதுதான் தாளை நீட்டுவார்கள். வாக்குமூலத்தை நாம் பேசிய மொழியில் படித்துக் காட்ட வேண்டும், திருத்த வாய்ப்புத் தர வேண்டும் என்பது சட்டம். நான் வரிவரியாகப் படித்தேன். நான் 'கூறினேன்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஒப்புக்கொண்டேன்' என்று பொருள்படும் மலாய்ச் சொல் இருந்தது. அதிகாரி வேண்டுமென்று எழுதினார் என்று நான் நினைக்கவில்லை; அவருக்கு அது கைப்பழக்கம். எனக்கு அது வழக்கு. திருத்தச் சொன்னேன், திருத்தினார், பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன்.

கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டார்கள். எடுத்ததற்கு எழுத்தில் பட்டியல் வாங்கினேன். அது திரும்பி வர ஏழு மாதம் ஆயிற்று. அந்தத் தொலைபேசிக்குள், எனக்குத் தகவல் சொன்ன தொழிலாளியின் எண் இல்லை, பெயர் இல்லை, ஒரு குறுஞ்செய்திகூட இல்லை. அவரை நான் சந்தித்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில், ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில், ஊருக்குப் பணம் அனுப்ப வரும் நூறு பேருக்கு நடுவில் ஓர் ஒட்டுக்கடையில் தேநீர் குடித்தபடி. போகும்போது என் தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போவேன். என் செய்தியில் அவர் ஒரு மாமரம். வழக்கு ஏதும் பதிவாகவில்லை. அவர் ஒப்பந்தம் முடித்து ஊர் போய்ச் சேர்ந்த அன்றுதான் எனக்கு மூச்சு சீராயிற்று.

நான்கு ஆண்டு கழித்து நடந்ததை எண்ணிப் பார்க்கிறேன். 2020-இல் கோவிட் முடக்க காலத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நடத்தப்பட்ட விதம் பற்றி அல் ஜசீரா தொலைக்காட்சி ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. அதில் முகத்தையும் பெயரையும் மறைக்காமல் பேசியவர் வங்காளதேச இளைஞர் ரைஹான் கபீர். நிருபர்களைக் காவல் துறை அழைத்து விசாரித்தது. ரைஹானைத் தேடும் அறிவிப்பு அவருடைய படத்தோடு வெளியானது, வேலை அனுமதி ரத்து, கைது, நாடுகடத்தல். அவர் தெரிந்தே துணிந்து பேசியிருக்கலாம். அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் பேசுகிறவரிடம் நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: நமது நாட்டில் தகவல் கொடுப்போரைக் காக்கும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம், அமலாக்க அமைப்பிடம் புகார் செய்தவருக்கு மட்டுமே. என்னிடம் பேசினால் அந்தக் குடை இல்லை. இதைச் சொன்னபின் பத்தில் ஆறு பேர் எழுந்து போய்விடுகிறார்கள். போகட்டும். மீதி நான்கு பேர் கண்ணைத் திறந்துகொண்டு பேசுகிறார்கள்.

கூட்டமாகப் போனால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கையும் எனக்கு ஒருகாலத்தில் இருந்தது. பிலிப்பைன்ஸின் மகுயிண்டானாவோவில் 2009 நவம்பர் 23-ஆம் தேதி, வேட்புமனுத் தாக்கலுக்குப் போன வாகன வரிசையில் பத்திரிகையாளர்களும் இருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் கூட இருந்தால் தாக்க மாட்டார்கள் என்றுதான் அவர்களை அழைத்துப் போனார்கள். 58 பேர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் 32 பேர் ஊடகத்தார். முக்கியக் குற்றவாளிகளுக்குத் தீர்ப்பு வர பத்து ஆண்டு ஆயிற்று. அதையும் தீர்ப்பு வந்த அரிதான வழக்கு என்றே சொல்ல வேண்டும். பத்திரிகையாளர் கொலைகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் தண்டனையின்றியே கிடக்கின்றன என்று யுனெஸ்கோ கணக்குச் சொல்கிறது. பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவின் கணக்கில் 2024-இல் மட்டும் 124 பத்திரிகையாளர்களும் ஊடக ஊழியர்களும் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் இஸ்ரேலியப் படையால். 2022-இல் பாலஸ்தீனத்தின் ஜெனினில் அல் ஜசீரா நிருபர் ஷிரீன் அபு அக்லே சுடப்பட்டபோது 'பத்திரிகை' என்று எழுதிய மேலங்கியை அணிந்திருந்தார். அங்கிக்கும் அடையாள அட்டைக்கும் எதிரில் நிற்பவர் மதிப்புக் கொடுத்தால்தான் மதிப்பு.

கூட்டம் வேறொரு விதத்தில் காக்கும். மால்டாவில் 2017 அக்டோபரில் பத்திரிகையாளர் டாஃப்னி கருவானா கலிசியாவைக் கார் குண்டு வைத்துக் கொன்றார்கள். ஆறு மாதத்தில், பல நாட்டுப் பத்திரிகையாளர்கள் ஒன்றுசேர்ந்து அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து எழுதினார்கள். ஆளைக் கொன்றாலும் செய்தி சாகாது என்று தெரிந்தால், கொல்வதற்கான காரணத்தில் பாதி குறைகிறது. எங்கள் அளவில் நான் இதைச் செய்கிறேன்: பெரிய செய்தி எதுவானாலும் அதன் நகல் பினாங்கில் ஒரு சீன நாளிதழ்த் தோழியிடமும் ஒரு மலாய் நிருபரிடமும் மூடிய உறையில் இருக்கும். அவர்களுடையது என்னிடம் இருக்கிறது. மூன்று மொழிக்காரர்களும் ஒருவர் செய்தியை ஒருவர் படிக்க முடியாமல் தனித்தனித் தீவாக இருப்பது நம்மை மிரட்டுபவர்களுக்கு வசதி. வெளியே போகும்போது மூவரில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போகிறோம். சொன்ன நேரத்துக்குள் 'சாப்பிட்டாயிற்று' என்று செய்தி வரவில்லை என்றால் முதலில் வழக்கறிஞருக்கு அழைப்பு, பிறகு ஆசிரியருக்கு.

எனக்கு மிகுந்த கவலை பகுதிநேர நிருபர்களைப் பற்றி. தமிழ் நாளிதழ்கள் ஓடுவதே அவர்களால்தான். சுங்கை பாக்காப்பிலும் நிபோங் திபாலிலும் தோட்டத்துக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் மோட்டாரில் ஓடுகிறவர்கள். செய்திக்கு இவ்வளவு என்று காசு. பலரிடம் நியமனக் கடிதம்கூட இல்லை. தலைமையகத்தில் இருப்பவரைக் கைது செய்தால் நாடே பேசும். இவர்களை யாராவது பெட்ரோல் நிலையத்தில் வழிமறித்து அறைந்தால், அது தனிப்பட்ட தகராறாகப் போய்விடும். ஆகவே ஒரு வரியாவது எழுதி, முத்திரை வைத்து வாங்கிக்கொள்ளுங்கள்: 'இவர் எங்கள் நிருபர், இவருடைய செய்திக்கு நாங்கள் பொறுப்பு.' தர மறுக்கிற நிறுவனத்துக்காக ஆபத்தான செய்திக்குப் போகாதீர்கள். இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

எல்லை கடந்த செய்தியாளர்கள் அமைப்பின் பட்டியலில் மலேசியா 2023-இல் 73-ஆம் இடம், 2024-இல் 107, 2025-இல் 88. இடம் ஏறும்போதும் இறங்கும்போதும் எங்களிடம் கருத்துக் கேட்பார்கள். சுங்கை பாக்காப் நிருபரின் மோட்டார் பயணத்தில் எந்த ஆண்டும் எந்த மாற்றமும் எனக்குத் தெரியவில்லை. 2025-இல் மலேசிய ஊடக மன்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பல பத்தாண்டுகளாகக் கேட்டது கிடைத்திருக்கிறது. தவறான செய்தி என்றால் காவல் நிலையத்துக்குப் பதிலாக மன்றத்துக்குப் போகும் பழக்கம் ஏற்பட்டால் நான் முதல் ஆளாக மகிழ்வேன். அந்த மன்றத்தில் தமிழ்ப் பகுதிநேர நிருபரின் குரலும் ஒலிக்க வேண்டும் என்று எங்கள் சங்கக் கூட்டத்தில் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெரியம்மா இப்போது பிறையில் மலிவுவிலை அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் இருக்கிறார். மகன் திரும்பி வந்துவிட்டார், அதே கட்டடத்தில் காவலர் வேலை. சென்ற ஆண்டு மின்தூக்கி நான்கு மாதமாகப் பழுது. வயதானவர்கள் படியேற முடியாமல் கிடந்தார்கள். ஓர் இளம் நிருபர் விசாரிக்க வந்திருப்பதாகவும், பேசலாமா என்றும் பெரியம்மா எனக்குத் தொலைபேசியில் கேட்டார். வேலையை விட்டுவிட்டுப் போனேன்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். நிர்வாகத்துக்குக் கொடுத்த புகார்க் கடிதங்களைப் பெரியம்மா ரொட்டி டின்னிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முகம் வேண்டாம், கை மட்டும் என்று சொன்னார். அந்தப் பெண் வாசலுக்கு வந்து கைத்தொலைபேசியைத் தூக்கினார்.

"இரு கண்ணு" என்றார் பெரியம்மா. குனிந்து துளசிச் சட்டியை உள்ளே தள்ளினார். கோலத்தின்மேல் பழைய பாயை விரித்தார். வளையலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு எதுவும் எழுதாத வெள்ளைச் சுவரின் பக்கமாகத் திரும்பிக் கடிதத்தை நீட்டினார்.

"இப்போது எடு."